குளத்தில் மறைந்த விண்கலம்

கொல்கத்தா லேக் மார்க்கெட்டில் முருங்கைக்காயும் வாழையிலையும் வாங்கச் செல்லும் தமிழன்பர்கள் லேக் டெம்பிள் ரோடு வழியாகப் பன்முறை நடந்திருப்பர். 1960-களில் அவ்வீதியில் குடியிருந்த சத்யஜித் ராய், விண்வெளி விருந்தாளி ஒருவனைப் பற்றித் திரைக்கதை ஒன்று எழுதினார். ‘தி ஏலியன்’ என்ற அப்படம் எடுக்கப்படவேயில்லை. ஓர் அரிய கற்பனை எவ்வாறு பிறந்தது, எதனால் முடங்கியது என்பதைச் சற்றே ஆராய்வோம்.

ராயின் பாட்டனார் உபேந்திரகிஷோர் 1913-இல் தொடங்கிய ‘சந்தேஷ்’ என்னும் சிறுவர் இதழை, 1961-இல் ராய் மீண்டும் உயிர்ப்பித்தார். மறு ஆண்டே அதில் ‘பங்குபாபுவின் நண்பன்’ என்ற சிறுகதையை எழுதினார். ஊராரின் ஏளனத்தை வாய்திறவாது பொறுக்கும் ஒரு கிராமத்து ஆசிரியர், வேற்றுக் கிரகத்தவன் ஒருவனைச் சந்திக்கிறார். அச்சந்திப்பு அவருக்குத் தலைநிமிரும் துணிவைத் தருகிறது.

இக்கருத்தே பின்னர் திரைக்கதையாக விரிந்தது. வங்காளக் கிராமம் ஒன்றின் தாமரைக் குளத்தில் விண்கலம் இறங்குகிறது. நீருக்கு மேல் தெரியும் அதன் முனையைக் கண்ட மக்கள், பூமிக்குள்ளிருந்து எழுந்த கோயில் என்று வணங்குகின்றனர். மார்வாரி வணிகர் ஒருவர் அவ்விடத்தைப் புண்ணியத் தலமாக்க முனைகிறார். விண்கலத்தில் வந்த சிற்றுருவமோ ஓர் ஏழைச் சிறுவனோடு தோழமை கொள்கிறது. பருவம் தப்பி மாமரத்தைக் காய்க்கச் செய்கிறது.

இதன் புதுமையை நாம் உணர வேண்டும். 1950-களின் அமெரிக்கப் படங்கள் பலவற்றில் வேற்றுலகத்தவர் அச்சமூட்டும் பகைவராகவே தோன்றினர். 1963-இல் வெளிவந்த நம் ‘கலை அரசி’ படத்திலும் விண்ணவன் கதாநாயகியைக் கடத்தியே செல்கிறான். ராயின் விருந்தாளியோ விளையாடும் குழந்தை. பயங்கரத்தை நட்பாக மாற்றியதே அக்கற்பனையின் சிறப்பு.

விஞ்ஞானக் கதாசிரியர் ஆர்தர் கிளார்க் லண்டனில் இக்கதையைக் கேட்டு மகிழ்ந்தார். அவருடைய இலங்கைக் கூட்டாளி மைக் வில்சன், தயாரிப்புக்கு உதவுவதாகக் கூறிக் கல்கத்தாவுக்கு வந்தார். 1967-இல் திரைக்கதை எழுதி முடிக்கப்பெற்றது. கொலம்பியா நிறுவனம் ஆர்வம் காட்டியது. வணிகர் வேடத்திற்குப் பீட்டர் செல்லர்ஸ் இசைந்தார். அனைத்தும் கைகூடியது போலத் தோன்றிற்று.

ஆனால், ராய் ஹாலிவுட் சென்றபோது, தம் திரைக்கதையின் பிரதிகள் பலர் கையில் உலவுவதைக் கண்டார். அவற்றில் பதிப்புரிமை வில்சன், ராய் இருவருக்கும் உரியதென அச்சிடப்பட்டிருந்தது. தமக்கென நிறுவனம் அளித்த முன்பணமும் தம்மை வந்தடையவில்லை என்று ராய் பின்னாளில் எழுதினார். அடுத்த ஆண்டு செல்லர்ஸும் விலகினார். வில்சன் துறவு பூண்டு தம் உரிமையைத் துறந்தபோது காலம் கடந்துவிட்டது. இவ்வரலாற்றை 1980-இல் ‘ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழில் ராயே விவரித்தார்.

1982-இல் ஸ்டீவன் ஸ்பீல்பர்க்கின் ‘ஈ.டி.’ வெளிவந்தபோது, இரண்டுக்கும் உள்ள ஒற்றுமைகள் பேசப்பட்டன. அமெரிக்காவில் பரவிய தம் பிரதிகளின்றி அப்படம் தோன்றியிராது என்றார் ராய். ஸ்பீல்பர்க் அதை மறுத்தார். அவ்வழக்கில் தீர்ப்புக் கூறுவது நம் நோக்கமன்று. ஆனால் ஓர் உண்மை தெளிவு. அதன் பின் ராய் தம் படத்தை எடுத்திருந்தால், மூலத்தையே நகல் என்று உலகம் நகைத்திருக்கும்.

இதற்கு நேர்மாறான காட்சியும் உண்டு. பாட்டனார் கதையைக் கொண்டு ராய் எடுத்த ‘கூப்பி காயின் பாகா பாயின்’ 1969-இல் வெளிவந்தது. அதில் பேய்களே நடனமாடி வங்க மக்களை மகிழ்வித்தன. 1980-இல் ‘ஹீரக் ராஜார் தேஷே’ என்ற தொடர்ச்சியும் வந்தது. உள்ளூர்ப் பேய்கள் திரையேறின. கடல் கடந்த ஒப்பந்தங்களை நம்பிய விண்ணவனோ குளத்திலேயே தங்கிவிட்டான்.

எழுத்தை நம்பி வாழ்வோர் இதில் கற்க வேண்டியது ஒன்றுண்டு. கற்பனைக்கு எல்லையில்லை, ஆயினும் அது பிறர் கைக்குச் செல்லுமுன், முதற்பக்கத்தில் யார் பெயர் இருக்கிறதென்று பார்த்துக்கொள்வது நலம். ‘பங்குபாபுவின் நண்பன்’ சிறுகதையோ இன்றும் வங்கச் சிறுவர்களால் விரும்பிப் படிக்கப்படுகிறது. அண்டை வீட்டுக் குழந்தையிடம் கேளுங்கள். அக்கதையை மகிழ்ந்து சொல்லும்.