பழைய பிக்கப் வண்டிக்குப் பின்அச்சுப் பூட்டு: தேர்ந்தெடுக்கும் முறை

சேற்று உழவின்போது டிராக்டரின் ஒரு பின்சக்கரம் வழுக்கி வீணே சுழல, மற்றது அசையாமல் நிற்பதை நஞ்சை மிராசுதாரர்கள் யாவரும் கண்டிருப்பார்கள். ஓட்டுபவர் காலால் ஒரு மிதியை அழுத்துகிறார். உடனே இரு சக்கரங்களும் ஒன்றாய்ச் சுழன்று வண்டி நகர்கிறது. டிபரென்ஷியல் பூட்டு எனப்படுவது இதுவே. அமெரிக்க ஐக்கிய நாட்டுப் பண்ணைக்காரர்களும், பழைய வண்டிகளைப் பேணி ஓட்டுவோரும் இத்தகைய பூட்டைத் தங்கள் பிக்கப் வண்டிகளின் பின்அச்சில் பொருத்திக்கொள்கின்றனர். பிக்கப் என்பது முன்னே ஓட்டுநர் அறையும் பின்னே திறந்த சரக்குத் தட்டும் உடைய இலகுவான லாரி. 1967 முதல் 1972 வரை வெளிவந்த ஷெவர்லே சி-10, அக்காலத்து போர்டு எப்-100 முதலியன இவ்வகையில் பெயர் பெற்றவை. பூட்டுகள் பலவிதமாய் விற்பனைக்கு வருவதால், எதை வாங்குவது என்பதில் பணம் மட்டுமன்றி உயிரும் சம்பந்தப்பட்டிருக்கிறது.

வண்டி திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரமும் உட்பக்கச் சக்கரம் குறைந்த தூரமும் செல்ல வேண்டியிருக்கிறது. இதற்கு இடங்கொடுப்பதே டிபரென்ஷியலின் வேலை. ஆனால் சாதாரண டிபரென்ஷியல் இரு சக்கரங்களுக்கும் எப்போதும் சமமான விசையையே அளிக்கும். ஒரு சக்கரம் ஈரப்புல்லில் வழுக்கிவிட்டால் அதைச் சுழற்ற மிகச் சொற்ப விசையே போதும்; உலர்ந்த தரையிலுள்ள மறுசக்கரத்திற்கும் அச்சொற்பமே கிடைக்கும். பிக்கப் வண்டியில் எஞ்சினின் பாரம் முன்னே இருக்கிறது. சரக்கு இல்லாதபோது பின்புறம் இலேசாகி இக்குறை மிகுதியாய்த் தோன்றுகிறது.

ஆதலின் பூட்டு வாங்குமுன் டயரைப் பார்ப்பது உசிதம். தேய்ந்த டயருடன் பூட்டைப் பொருத்துபவர், முன்பு ஒரு சக்கரம் சுழன்ற இடத்தில் இரண்டும் சுழலக் காண்பார். தட்டில் பின்அச்சிற்கு நேர்மேலே சில மணல் மூட்டைகளைக் கட்டிவைத்தாலே பலருடைய தேவை தீர்ந்துவிடும். அதற்குச் செலவும் இல்லை.

அடுத்தபடியாக, வண்டியில் ஏற்கனவே இருப்பது என்னவென்று அறியவேண்டும். முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, எஞ்சினை நிறுத்தி, கியரைப் போட்டு, பின்சக்கரங்கள் இரண்டையும் தூக்கி உறுதியான தாங்கிகளின்மேல் நிறுத்துக. ஒரு சக்கரத்தைக் கையால் சுழற்றும்போது மற்றது எதிர்த்திசையில் சுழன்றால் அது சாதாரண டிபரென்ஷியல். எளிதில் அசைய மறுத்தால் உள்ளே ஏதோ ஒரு சாதனம் உண்டு. ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளில் 1973 முதல் வந்த ஈட்டன் பூட்டு இச்சோதனைக்கு அகப்படாது. கையால் மெதுவாய்ச் சுழற்றும்போது அது சாதாரணமானது போலவே நடந்துகொள்ளும். ஷெவர்லே வண்டியாயின் முன்பலகைப் பெட்டியின் கதவின் உட்புறம் ஒட்டியுள்ள சீட்டில் ஜி-80 என்ற குறி இருக்கிறதா என்று பார்க்கலாம்.

இனி வகைகள். முதலாவது வழுக்கலைக் கட்டுப்படுத்தும் வகை. ஷெவர்லே நிறுவனம் 1957-இல் பாசிட்ராக்ஷன் என்ற பெயரால் இதனை அளிக்கத் தொடங்கியது. வில்லால் அழுத்தப்பட்ட உராய்வுத் தட்டுகள் இரு பக்க அச்சுகளையும் ஓரளவு பிணைத்து வைக்கின்றன. பெரும்பாலும் தார்ச் சாலையில் ஓடும் வண்டிக்கு இது சிலாக்கியமானது. திருப்பத்தில் தொந்தரவு குறைவு. ஆயினும் ஒரு சக்கரம் குழியில் தொங்கினால் இதன் உதவி சொற்பமே. தட்டுகள் காலக்கிரமத்தில் தேயும். கியர் எண்ணெயுடன் அதற்குரிய சேர்மானத்தையும் ஊற்றாவிடில் திருப்பங்களில் அதிர்வும் முனகலும் உண்டாகும்.

இரண்டாவது, மேற்சொன்ன ஈட்டன் பூட்டு. சக்கரங்களுக்கிடையே நிமிஷத்திற்குச் சுமார் 100 சுற்று வித்தியாசம் ஏற்பட்டவுடன் சிறு எடைக்கட்டைகள் விரிந்து பூட்டைப் பிடிக்கச் செய்கின்றன. மணிக்குச் சுமார் 20 மைல் வேகத்திற்கு மேல் அது பூட்டுவதில்லை. நிதானமாய் ஓட்டுபவருக்கு நன்றாகவே உழைக்கும். பெரிய டயர்களை மாட்டி, சக்கரம் வேகமாய்ச் சுழலும் நிலையில் அடிக்கடி பூட்ட விடுபவர்களின் கையில்தான் இது உடைகிறது.

மூன்றாவது, தானாகவே இயங்கும் முழுப் பூட்டு. டெட்ராயிட் லாக்கர் எனப்படும் நோஸ்பின் இதில் பிரசித்தமானது. இரண்டாம் உலக யுத்த காலத்து ராணுவ லாரிகளிலேயே இடம் பெற்றது. விசை செலுத்தும்போது இரு சக்கரங்களும் பூட்டியே இருக்கும்; திரும்புகையில் வெளிப்பக்கச் சக்கரம் மட்டும் விடுபட்டு முன்னோடும். வலிமையில் இதற்கு இணை சிலவே. ஆனால் திருப்பத்தில் கடகடவென்ற ஓசையும், மிதியை விட்டுப் பிடிக்கும்போது இடியும் உண்டு. கையால் கியர் மாற்றும் வண்டிகளில் அந்த இடி அதிகம். மழையில் நனைந்த சாலையில், வெறும் தட்டுடன் போகும் குட்டை வண்டியின் வால்புறம் திடீரென ஒதுங்கக்கூடும். வீட்டார் பலரும் மாறி மாறி ஓட்டும் வண்டிக்கு இது தகாது.

இதன் தம்பி போன்ற மலிவான வகையும் உண்டு. இருக்கும் கூட்டினுள் உள்ள சிறு பல்சக்கரங்களை மட்டும் நீக்கி அவ்விடத்தில் பொருத்துவது அது. கிரௌன் சக்கரத்தைத் தொடவேண்டியதில்லை; கைப்பழக்கமுள்ளவர் தாமே மாட்டிக்கொள்ளலாம். ஆனால் அதன் பலம் பழைய கூட்டின் பலமே. கூடு கீறியிருந்தால் புதுச் சாதனமும் அதோடு போகும்.

நான்காவது, ஓட்டுபவர் விரும்பும்போது மட்டும் பூட்டிக்கொள்வது. ஆஸ்திரேலியாவின் ஏ.ஆர்.பி. நிறுவனத்தது அமுக்கிய காற்றாலும், ஈட்டன் நிறுவனத்தின் ஒரு வகை மின்காந்தத்தாலும், வேறு சில கம்பியிழுப்பாலும் இயங்குகின்றன. சாலையில் சாதாரண டிபரென்ஷியல், சேற்றில் முழுப் பூட்டு. நமது டிராக்டர் மிதியின் தத்துவமே. விலை அதிகம், உறுப்புகளும் அதிகம். காற்றுக்குழாய் கசிந்தால் பூட்டு பிடிக்காது. இன்னொரு தடையும் உண்டு. ஷெவர்லே பிக்கப்புகள் 1955-இலும் போர்டு வண்டிகள் 1956-இலும்தான் 12 வோல்ட் மின்சாரத்திற்கு மாறின; அதற்கு முந்திய 6 வோல்ட் வண்டியில் காற்றழுத்தியும் மின்காந்தமும் அப்படியே வேலை செய்யமாட்டா.

டிபரென்ஷியலின் பற்களை வெல்டிங் செய்து ஒட்டிவிடும் வழக்கமும் சிலரிடம் உண்டு. சாலையில் ஓடும் வண்டிக்கு அதைச் செய்யவே கூடாது.

வகையைத் தீர்மானித்தபின் அச்சோடு பொருத்திப் பார்க்கவேண்டும். ஏமாற்றம் பெரும்பாலும் இங்கேதான் நேருகிறது. அச்சுத்தண்டின் நுனியிலுள்ள வரிப்பற்களை எண்ணுக: ஷெவர்லே லாரியின் 12 போல்ட் அச்சில் 30, போர்டின் 9 அங்குல அச்சில் 28 அல்லது 31. பல் விகிதமும் முக்கியம். டானா 44 அச்சில் 3.73-உம் அதற்குக் குறைந்ததும் ஒரு கூட்டையும், 3.92-உம் அதற்கு மேற்பட்டதும் வேறு கூட்டையும் வேண்டுவன. பிற்பாடு விகிதத்தை மாற்றும் உத்தேசம் இருந்தால் முதலில் அதை முடிவு செய்துகொள்வதே சிக்கனம்.

12 போல்ட் அச்சில் சக்கரத்தை வெளியே வராமல் பிடித்திருப்பது உள்முனையில் செருகிய சி வடிவக் கொக்கி ஒன்றே. தண்டு முறிந்தால் சக்கரம் கழன்று வெளியே வந்துவிடும். பூட்டு பிடித்த நிலையில் ஏறத்தாழ முழு விசையும் ஒரே தண்டின்மேல் விழக்கூடுமாதலால், 50 ஆண்டு உழைத்த தண்டை முறுக்கம், கீறல் பார்க்காமல் திரும்பப் போடுவது ஆபத்து. போர்டு 9 அங்குல அச்சில் வெளிமுனையிலுள்ள பேரிங் தகடு தண்டைப் பிடித்திருக்கிறது. உள்ளே முறிந்தாலும் சக்கரம் நிற்கும். முக்கால் டன் வண்டிகளின் முழு மிதவை அச்சில் பாரத்தைத் தாங்குவது குழாயே. தண்டு விசையை மட்டும் கடத்துகிறது. கனத்த பாரமிழுப்பவர்கள் அரை டன் அச்சில் விலையுயர்ந்த பூட்டைப் போடுவதைவிட, அத்தகைய பழைய அச்சு ஒன்றைத் தேடுவது தேவலை.

முழுக் கூட்டை மாற்றினால் கிரௌன், பினியன் பற்களின் இடைவெளியை அளவுக்கருவியால் சரிசெய்தல் அவசியம். தயாரிப்பாளர் கூறும் அளவே பிரமாணம். அது பெரும்பாலும் அங்குலத்தின் ஆயிரத்தில் 6 முதல் 10 பங்கு வரை இருக்கும். 9 அங்குல அச்சில் பல்தொகுதியை முன்புறமாய் வெளியே எடுத்து மேஜைமேல் வைத்தே இவ்வேலையைச் செய்யலாம். 12 போல்ட் அச்சில் வண்டிக்கடியில் படுத்துச் செய்யவேண்டும். கூலி வித்தியாசப்படுவது இதனால்தான்.

சேறும் மேடும் நிறைந்த பண்ணையில் உழைத்து, வாரம் ஒருமுறை வெறுந்தட்டுடன் நெடுஞ்சாலையில் செல்லும் சி-10 வண்டிக்கு, பணம் இருப்பின் விரும்பும்போது பூட்டும் வகையே முதன்மையானது. பண்ணைக்கு வெளியே அதிகம் போகாத வண்டிக்கு மலிவான தானியங்கிப் பூட்டு போதும். அலங்காரமாய்ப் பேணி, தார்ச் சாலையில் மட்டும் ஓட்டுவதற்கு உராய்வுத் தட்டு வகையைவிட மேலானது வேண்டியதில்லை.

எவ்வகையாயினும் இருபுறமும் ஒரே அளவு டயரும் ஒரே காற்றழுத்தமும் இருக்கவேண்டும். விரும்பிப் பூட்டும் வகையைத் திரும்பும் முன் விடுவித்துவிட வேண்டும்; டிராக்டர் ஓட்டுபவர்கள் வரப்போரத்தில் செய்வது போலவே. ஒரு சக்கரத்தை மட்டும் ஜாக்கியால் தூக்கிக்கொண்டு கியரில் எஞ்சினை ஓட்டுவது கூடவே கூடாது: தரையிலுள்ள சக்கரம் இழுத்து வண்டி ஜாக்கியினின்று பாய்ந்துவிடும். பழைய வண்டி பல கைகள் மாறுவது. வாங்குபவருக்கு உள்ளே இருப்பது தெரியாது. ஆகவே இவ்வெச்சரிக்கையை ஒரு தகட்டில் எழுதி ஜாக்கி வைக்கும் இடத்திலேயே ஆணியடித்து வைக்கலாம்.