கேளாத பாட்டின் இனிமை

விருந்தினர் வரும் செய்தி கிட்டிய வீட்டில், அவர்கள் வாயிற்படி மிதிக்கும் முன்பே மகிழ்ச்சி குடிபுகுந்துவிடுகிறது. நம் உள்ளங்கவர்ந்த இசைக்குழு புதிய ஆல்பம் ஒன்றை வெளியிடப் போகிறது என்று கேள்வியுறும்போதும் நம் நிலை அதுவே. ஒரு சுரமும் இன்னும் செவியில் விழவில்லை. எனினும் இன்பம் தொடங்கிவிடுகிறது. இவ்வின்பம் எங்கிருந்து பிறக்கிறது என்பதைச் சிறிது ஆராய்வோம்.

கச்சேரியில் வித்துவான் கற்பனை சுரம் பாடுகையில், அவர் எங்கெங்கோ சஞ்சரித்துவிட்டு எடுப்பில் வந்து சேரும் தருணத்தை எதிர்நோக்கியே நாம் தொடையில் தாளம் போடுகிறோம். கனடா நாட்டின் மான்ட்ரியல் நகர ஆய்வாளர்கள் 2011-இல் வெளியிட்ட ஆராய்ச்சியும் இதற்குச் சான்று பகர்கிறது. தாம் பெரிதும் விரும்பும் இசையைக் கேட்டவர்களை அவர்கள் சோதித்தனர். மெய்சிலிர்க்கும் இடம் வருவதற்குச் சில விநாடிகள் முன்னரே, மூளையின் ஒரு பகுதியில் டோபமைன் என்னும் இரசாயனப் பொருள் சுரந்தது; அந்த இடம் வந்தபோது வேறொரு பகுதியில் சுரந்தது. எதிர்பார்ப்புக்கும் அனுபவத்துக்கும் மூளை தனித்தனியே இடம் ஒதுக்கியிருக்கிறது எனலாம்.

ஆல்பம் என்ற பெயருக்கும் ஒரு வரலாறு உண்டு. நிமிடத்துக்கு 78 முறை சுழன்ற பத்து அங்குல அரக்குத் தட்டின் ஒரு பக்கத்தில் ஏறக்குறைய மூன்று நிமிட இசையே அடங்கும். ஆகையால் நீண்ட இசையைப் பல தட்டுகளில் பதிந்து, புகைப்படம் ஒட்டும் ஆல்பத்தைப் போன்ற உறைகளில் சேர்த்து விற்றனர். 1948-இல் அமெரிக்காவில் நெடுநேரம் ஓடும் இசைத்தட்டு அறிமுகமாகி, ஒரு பக்கத்தில் இருபது நிமிடங்களுக்கு மேல் அடங்கியபோதும் பழைய பெயரே நிலைத்தது. வரிசையறிந்து கோத்த மாலை போன்றது ஆல்பம். அதனை முதலிலிருந்து இறுதிவரை கேட்பதே முறை.

இசைத்தட்டு வாங்க வசதியற்றோருக்கு வானொலியே துணை. பி. வி. கேஸ்கர் 1952-இல் மத்திய அமைச்சரானபின் அகில இந்திய வானொலியில் திரைப்பாடல்கள் அருகின; நேயர்கள் இலங்கை வானொலியை நாடினர். 1957 அக்டோபர் 3-ஆம் நாள் விவித பாரதி தொடங்கிய பின்னரே அக்குறை நீங்கலாயிற்று. சிற்றலை, வானத்தின் உயரத்தேயுள்ள அயனி அடுக்கில் பட்டுத் திரும்பி வருவது. அதனால் ஒலி ஓங்கியும் தேய்ந்தும் கேட்கும். தேய்ந்து போன அடியை அடுத்த முறை கேட்டுத்தான் நிரப்பிக்கொள்ள வேண்டும். ஒரே பாட்டுக்காக மறுபடியும் காத்திருக்க வேண்டும்.

இக்காத்திருப்பு வெளிமாநிலத் தமிழராகிய நமக்கு இன்னும் ஒரு படி நெருக்கமானது. பெங்களூரில் 1809-இல் ஆங்கிலேயரின் இராணுவக் குடியிருப்பு அமைந்தபின், தமிழ்நாட்டுப் பகுதிகளிலிருந்து தொழிலாளரும் வணிகரும் வந்து குடியேறினர். ஆஸ்டின் டவுனுக்கு அருகிலுள்ள நீலசந்திராவில் இன்றும் தமிழ்க் குடும்பங்கள் பல வாழ்கின்றன. ஊருக்குப் போகப் பொங்கல் வரை பொறுக்க வேண்டும். புதுப்பாட்டோ அதற்கு முன்பே ஊரை நம்மிடம் கொண்டுவந்துவிடும்.

இப்பெங்களூரிலேயே 2003-இல் தோன்றிய இசைக்குழு ஒன்று, நாம் நன்கறிந்த 'அகம்' என்னும் சொல்லையே பெயராகக் கொண்டது. கர்நாடக சங்கீதத்தையும் மேனாட்டு ராக் இசையையும் இணைப்பது அதன் பாணி. அதன் முதல் ஆல்பம் 2012-இலும், அடுத்தது 2017-இலும் வெளிவந்தன. முதலாவதற்கு ஒன்பது ஆண்டுகள். அடுத்ததற்கு மேலும் ஐந்து! குழுவின் பாணியை ரசிகர் அறிவர். வரப்போகும் பாட்டை அறியார். அறிந்ததும் அறியாததும் இவ்வாறு கலந்து நிற்கும் இடத்தில்தான் ஆவல் வளர்கிறது.

இன்று புதிய ஆல்பம் நீலசந்திராவிலும் மதுரையிலும் ஒரே நொடியில் கைப்பேசிக்கு வந்து சேர்கிறது. இது பெரும் பேறே. ஆயினும் வீட்டில் நால்வர் இருப்பின், நால்வர் காதிலும் நான்கு பாட்டுக்கள் தனித்தனியே ஒலிக்கின்றன. நம் பிள்ளைகள் பலர் தமிழ் பேசுவர். எழுத்துக்கூட்டிப் படிக்க அறியார். அவர்களுக்குப் பாட்டே பாடப்புத்தகம். "இந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம், அப்பா?" என்று மகள் வினவ வேண்டுமானால், அச்சொல் இருவர் செவியிலும் ஒருசேர விழவேண்டும் அன்றோ?

ஆகவே நாம் வேண்டுவது சிறிய காரியமே. அடுத்த ஆல்பம் வெளியாகும் நாளை நாட்காட்டியில் குறித்து வையுங்கள். வெளியான உடனே தனியே கேட்டுவிடாமல், அன்று மாலை வரை பொறுத்திருங்கள். உணவு முடிந்தபின் அனைவரும் கூடியிருந்து, முதற் பாட்டிலிருந்து முறையாகக் கேளுங்கள். காத்திருந்த ஆவலை நம் பிள்ளைகளும் நம்முடன் சேர்ந்து சுவைக்கட்டும்.