தொட்டுக் குணமாக்கிய கரம்

தொழுநோயாளர் ஒருவர் ஆண்டவர் இயேசுவின் திருமுன் முழந்தாளிட்ட நிகழ்ச்சியை மாற்கு நற்செய்தியின் முதல் அதிகாரத்தில் நாம் வாசிக்கிறோம். ஒரு சொல்லினாலேயே அவரைக் குணமாக்க ஆண்டவருக்கு வல்லமை இருந்தது. ஆயினும் அவர் கையை நீட்டித் தொட்டார். ஊராரும் உறவினரும் தீண்ட மறுத்த அம்மனிதருக்கு உடல்நோய் நீங்கியதோடு, ஒதுக்கப்பட்ட வேதனையும் நீங்கிற்று. எச்.ஐ.வி. தொற்றுடன் வாழும் நம் உடன்பிறப்புகளும் இவ்வாறே இரண்டு நோய்களைச் சுமக்கின்றனர்.

உடலின் நோயை அடக்கி வைக்க இன்று மருந்து உண்டு. 1986ஆம் ஆண்டில் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் இந்தியாவில் முதன்முதலாக இத்தொற்றைக் கண்டறிந்தபோது, இதற்கென மருந்து எதுவும் இல்லை. 2004 ஏப்ரலில் நடுவண் அரசு கூட்டு மருந்தை இலவசமாக வழங்கத் தொடங்கியது. இன்று மாத்திரையை நாள்தோறும் தவறாது உட்கொள்பவர் நெடுங்காலம் உழைத்து வாழலாம். இரத்தத்தில் கிருமி கண்டறிய இயலாத அளவுக்குக் குறைந்து அந்நிலை நீடிக்குமாயின், தாம்பத்திய உறவின் வழியாகவும் தொற்று பரவுவதில்லை. சிகிச்சை இல்லாதபோது தாயிடமிருந்து 100 குழந்தைகளில் 15 முதல் 45 பேருக்குத் தொற்றக்கூடிய இக்கிருமி, தக்க சிகிச்சையினால் 5 பேருக்கும் குறைவாகிவிடுகிறது.

ஆனால் உள்ளத்தின் நோய்க்கு மருந்து எங்கே? சொந்த ஊரில் மருந்து வழங்கும் மையம் இருந்தும், தெரிந்தவர் கண்ணில் பட்டுவிடுவோமோ என அஞ்சி வேற்றூருக்குப் பேருந்து ஏறுவோர் உளர். விருந்தினர் வந்திருக்கும் நாளில் மாத்திரையை விழுங்காமலே படுத்துவிடுவோர் உளர். மறைத்து மறைத்து வாழ்பவரின் உள்ளம் சோர்கிறது. உறக்கம் கெடுகிறது, உணவு கசக்கிறது, நாளை என்ற எண்ணமே பாரமாகிறது. சோர்ந்தவர் மருந்தை மறக்கிறார். மருந்து நின்றால் கிருமி பெருகுகிறது, சில வேளைகளில் அம்மருந்துக்கே அடங்காததாகவும் மாறுகிறது. ஆகவே நாம் வீசும் ஏளனச் சொல் உள்ளத்தைப் புண்படுத்துவதோடு நிற்பதில்லை, உடலையும் அரித்துவிடுகிறது.

“இந்நோய் எப்படி வந்ததாம்?” என்பதே பலரது முதற் கேள்வி. கணவனையன்றி வேறொருவரை அறியாத மனைவியர் எத்தனையோ பேர் இத்தொற்றைச் சுமக்கின்றனர். பிறக்கும்போதே சுமந்து வந்த பிள்ளைகளும் உளர். எனினும், குற்றமற்றவர் என்றும் குற்றவாளி என்றும் பிரித்து இரக்கத்தை அளந்து கொடுப்பது கிறிஸ்தவ மரபன்று. தவறி விழுந்தவரும் ஊதாரி மகனைப் போலத் தந்தையின் இல்லத்திற்கு உரியவரே. அவர் திரும்பி வருகையில், சினமுற்று உள்ளே வர மறுத்த மூத்த மகனாக நாம் இருக்கலாமா?

மனச்சோர்வை விசுவாசக் குறைவு எனச் சிலர் கருதுகின்றனர். அது நோய், சிகிச்சையினால் தணியக்கூடிய நோய். எப்போதோ மன்னிப்புப் பெற்ற பாவத்தையே திரும்பத் திரும்ப அறிக்கையிட்டும் அமைதி காணாத ஒருவருக்கு, ஒப்புரவு அருட்சாதனத்தோடு மனநல மருத்துவரின் உதவியும் தேவைப்படலாம். செபமும் மருந்தும் ஒன்றுக்கொன்று பகையல்ல. உயிரை முடித்துக்கொள்ளும் எண்ணம் எவரேனும் ஒருவர் பேச்சில் தலைகாட்டுமாயின், அவரைத் தனியே விடாது உடனே உதவிக்கு அழைத்துச் செல்வது நம் கடமை. 14416 என்ற மனநல உதவி எண்ணும், எச்.ஐ.வி. பற்றிய ஆலோசனைக்கு 1097 என்ற எண்ணும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. இரத்தப் பரிசோதனையும் ஆலோசனையும் அரசு மருத்துவமனைகளிலுள்ள நம்பிக்கை மையங்களில் இலவசம்.

குடும்பங்களாக நாம் செய்யக்கூடியவை அரியனவல்ல. ஒரே பந்தியில் உண்பதாலோ, ஒரே குவளையில் பருகுவதாலோ, திருப்பலியில் சமாதானம் கூறிக் கைகுலுக்குவதாலோ இக்கிருமி தொற்றாது என்பதை நம் பிள்ளைகளுக்குக் கற்பிப்போம். அன்பியக் கூட்டத்தில் பிறர் நோயைப் பேச்சுப் பொருளாக்காதிருப்போம். ‘செபிப்பதற்காகவே சொல்கிறேன்’ என்று தொடங்கும் புறணியும் புறணியே. 2018 செப்டம்பர் முதல் நடைமுறையில் உள்ள எச்.ஐ.வி. சட்டம், வேலையிலும் பள்ளியிலும் மருத்துவமனையிலும் வாடகை வீட்டிலும் இவர்களை ஒதுக்குவதைத் தடை செய்கிறது. சட்டம் கதவைத் திறந்து வைக்கும். உள்ளே வருக என அழைப்பதற்கு மனிதர் வேண்டும்.

அன்பார்ந்த குடும்பத்தாரே! ஞாயிறு தோறும் நம் அருகில் முழந்தாளிடுபவர்களுள் ஒருவர் இந்த இரகசியத்தைத் தனியே சுமந்துகொண்டிருக்கலாம். அவர் யார் எனத் துருவி அறிய வேண்டுவதில்லை. என்றேனும் அவராகவே வாய் திறந்து சொல்லத் துணியும் வீடாக நம் வீடு இருக்கட்டும். சொன்ன பின்னும் அவருக்கு அதே தட்டில் உணவும் அதே பாயில் இடமும் கிடைக்கட்டும்.