எரியாத காரமே ஆழமாகப் புண்ணாக்கும்

ஆசிட் தெறித்தால் சுரீரென்று எரியும்; யாராக இருந்தாலும் குழாயடிக்கு ஓடுவார்கள். காஸ்டிக் சோடா போன்ற காரம் பட்டால் கை வழவழவென்றுதான் இருக்கும். துணியில் துடைத்துக்கொண்டு வேலையைத் தொடர்பவர்களே அதிகம். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பகுதி ஆலைகளில் வேலை செய்யும் ஒவ்வொருவரும் முதலில் கைவிட வேண்டிய பழக்கம் இது.

இங்கே அமிலமும் காரமும் ஒரே லைனில் அடுத்தடுத்து வருகின்றன. கார் பாடிக்கு பெயின்ட் ஏறும் முன், அதிலுள்ள எண்ணெய்ப் பிசுக்கைக் காரக் கரைசலால் கழுவுவார்கள். பிறகு அமிலத்தன்மையுள்ள பாஸ்பேட் தொட்டியில் முக்கி எடுப்பது வழக்கம். பிளேட்டிங் பட்டறைகளில் துருவை அகற்ற ஹைட்ரோகுளோரிக் அமிலமோ கந்தக அமிலமோ பயன்படுகிறது.

அளவு சொல்வது என்ன?

பி.எச். அளவுகோலில் 7 நடுநிலை. அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். ஒவ்வோர் எண்ணுக்கும் பத்து மடங்கு வித்தியாசம். பி.எச். 2 உள்ள கரைசலின் அமிலத்தன்மை, பி.எச். 4 உள்ளதைவிட நூறு மடங்கு.

அமிலம் பெரும்பாலும் தோலின் புரதத்தை உறைய வைக்கும். அந்தப் பொருக்கே அது மேலும் உள்ளே இறங்குவதை ஓரளவு தடுக்கும். காரம் புரதத்தைக் கரைத்து, கொழுப்பைச் சோப்பாக மாற்றியபடி இறங்கிக்கொண்டே போகும். கையில் தெரியும் வழவழப்பு, நம் தோலின் கொழுப்பு சோப்பாவதன் அடையாளம். வலி பிறகுதான் தெரியும். கண்ணில் பட்டால் பார்வையே போகலாம்.

‘வீரியம் குறைந்த அமிலம்’ என்ற பெயரையும் நம்ப வேண்டாம். வேதியியல் கணக்கில் ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் அந்த வகைதான். ஆனால் அது உடலின் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு இதயத்தையே நிறுத்தக்கூடியது. அது புழங்கும் இடத்தில் கால்சியம் குளுக்கோனேட் களிம்பு கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

பட்டுவிட்டால்

- உடனே ஓடும் தண்ணீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவுங்கள். காரமானால் இன்னும் அதிக நேரம். நனைந்த உடை, கிளவுஸ், ஷூவைக் கழுவும்போதே கழற்றிவிடுங்கள்.
- கண்ணில் பட்டால் இமையை விரித்துப் பிடித்துக் கழுவுங்கள். தேய்க்கக் கூடாது.
- அமிலத்துக்குக் காரம், காரத்துக்கு அமிலம் என்று ஊற்றாதீர்கள். அந்த வினையில் எழும் வெப்பமும் சேர்ந்து சுடும்.
- 108-ஐ அழையுங்கள். அந்த ரசாயனத்தின் பாதுகாப்புத் தரவுத் தாளை மருத்துவரிடம் கொடுங்கள். அதன் 4ஆம் பகுதியில் முதலுதவி இருக்கும்.

கரைசல் கலக்கும்போது தண்ணீரில்தான் அமிலத்தைச் சிறிது சிறிதாக ஊற்ற வேண்டும். அமிலத்தில் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். பிளீச்சிங் பவுடரோடு அமிலம் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும்.

உங்கள் உரிமை

2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் உள்ள, தொழில்சார் பாதுகாப்பு குறித்த 2020ஆம் ஆண்டுத் தொகுப்புச் சட்டத்தின் 14ஆம் பிரிவு, வேலையிடப் பாதுகாப்பு பற்றிய தகவலை நிர்வாகத்திடம் கேட்டுப் பெறும் உரிமையைத் தருகிறது. உடனடி ஆபத்து இருப்பதாக நியாயமான அச்சம் இருந்தால் நிர்வாகத்துக்கும், அதே நேரத்தில் அரசு ஆய்வாளருக்கும் தெரிவிக்கலாம். தமிழ்நாட்டில் அதற்கான துறை, தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம்.

மாதம் 21,000 ரூபாய் வரை ஊதியம் பெறுவோருக்கு, ஒப்பந்தத் தொழிலாளர் உட்பட, ஈ.எஸ்.ஐ. உண்டு. பணியில் காயம்பட்டால் சேர்ந்த முதல் நாளிலிருந்தே பாதுகாப்பு. வேலைக்குப் போக முடியாத காலத்துக்கு ஊதியத்தில் 90 சதவீதம் கிடைக்கும். 1961ஆம் ஆண்டு அப்ரென்டிஸ் சட்டத்தின் கீழ் வருபவர்களுக்கு நிறுவனமே இழப்பீடு தர வேண்டும். விபத்து நடந்த அன்றே பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். ‘வீட்டில் வழுக்கி விழுந்தேன்’ என்று மருத்துவமனையில் சொல்லச் சொன்னால் சம்மதிக்காதீர்கள். அந்த ஒரு வாக்கியம் உங்கள் இழப்பீட்டையே இல்லாமல் ஆக்கிவிடும்.

அடுத்த ஷிப்ட் தொடங்கும் முன் சூப்பர்வைசரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள்: இந்தத் தொட்டியில் என்ன இருக்கிறது? அதன் தரவுத் தாள் எங்கே? கண் கழுவும் குழாயில் இப்போது தண்ணீர் வருகிறதா? பதில் வராவிட்டால் கேள்வியை எழுத்தில் கொடுங்கள். உடன் வேலை செய்பவருக்குத் தமிழ் தெரியாவிட்டால், பதிலை அவருக்குப் புரியும் மொழியில் சொல்லவும் ஏற்பாடு செய்யுங்கள்.