பயில்வான் காருக்கு ஜீர்ணோத்தாரணம்

அமெரிக்காவில் வீட்டோடு ஒட்டினாற்போல் மோட்டார் கொட்டகை கட்டிக்கொள்வது வழக்கம். அவற்றில் சிலவற்றிலே ஒரு விநோதத்தைக் காணலாம். தினந்தோறும் ஓடுகிற கார் வெயிலிலும் பனியிலும் தெருவோரத்தில் நிற்கும். பல வருஷங்களாக ஓடாத கார் ஒன்று கொட்டகைக்குள் சுகமாக வாசம் செய்யும். அதற்குச் சக்கரங்கள் இரா. கதவுகள் சுவரில் சாத்தப்பட்டிருக்கும். என்ஜின் ஒரு மூலையில் துணியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும். வீட்டுக்காரர் ஆபீஸிலிருந்து திரும்பியதும் சட்டையை மாற்றிக்கொண்டு நேரே அங்கேதான் போவார். "அறுபது வயதாகிவிட்ட இந்த வண்டியைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்று வாங்கலாகாதா?" என்று யாராவது கேட்டால், கேட்டவரைப் பரிதாபத்துடன் பார்ப்பார்.

இந்த மோகத்தின் மூலத்தை அறிய 1964ஆம் வருஷத்துக்குப் போக வேண்டும். நடுத்தர அளவுள்ள கார்களில் 330 கன அங்குலத்துக்கு மேற்பட்ட என்ஜினை வைக்கலாகாது என்று ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியில் அப்போது ஒரு கட்டுப்பாடு இருந்தது. அக்கம்பெனியின் போன்டியாக் பிரிவில் தலைமை எஞ்சினீயராயிருந்த ஜான் டிலோரியனும் அவருடைய சகாக்களும் இதற்கு ஒரு யுக்தி கண்டுபிடித்தார்கள். தனியாக ஒரு புது மாதிரி என்று சொன்னால்தானே மேலிடத்துச் சம்மதம் வேண்டும்? லெமான்ஸ் என்ற சாதாரணக் காரை வாங்குகிறவர்கள் விரும்பினால் சேர்த்துக்கொள்ளக்கூடிய உபரிச் சாமான் என்று பட்டியலில் எழுதிவிட்டால் யார் கேட்கப் போகிறார்கள்? இவ்விதமாக, 300 டாலருக்குச் சற்றுக் குறைந்த உபரிச் செலவில், 389 கன அங்குல வி-எட்டு என்ஜின் அந்தச் சாதுவான காருக்குள் புகுந்தது. அதுதான் ஜி.டி.ஓ. சாதாரணக் கார்பரேட்டருடன் 325 குதிரைச் சக்தி; மூன்று கார்பரேட்டர் வைத்ததானால் 348. முதல் வருஷத்திலேயே 32,450 வண்டிகள் விற்றன. நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளைகள் எட்டிப் பிடிக்கக்கூடிய விலையில் இத்தனை வேகம் அதற்கு முன் கிடைத்ததில்லை. இதைப் பார்த்து மற்றக் கம்பெனிகளும் களத்தில் இறங்கின. 'மஸில் கார்' என்று அந்நாட்டார் இந்த இனத்துக்குப் பெயர் வைத்தார்கள். நம் பாஷையில் பயில்வான் கார் என்று சொன்னால் பொருந்தும்.

பயில்வானின் ஆயுள் நீண்டதாக இல்லை. 1970இல் காற்றைச் சுத்தமாக வைக்கும் சட்டம் வந்தது. இன்ஷியூரன்ஸ்காரர்கள் கட்டணத்தை ஏற்றினார்கள். 1973இல் அராபிய தேசங்கள் எண்ணெயை நிறுத்தின. 1974ஆம் வருஷத்தோடு ஜி.டி.ஓ.வின் முதல் ஜன்மம் முடிவடைந்தது. 2010இல் போன்டியாக் என்ற பெயரே மறைந்தது. ஆகவே இன்று ஒருவர் தம் கொட்டகையில் பழுது பார்க்கும் கார், செய்த பிரிவே இல்லாமற்போன கார்.

வேலை கழற்றுவதில் தொடங்குகிறது. எல்லோரும் ஒரு வாரத்தில் கழற்றிவிடுகிறார்கள். திரும்ப மாட்டுவதற்குத்தான் வருஷங்கள் ஆகின்றன. ஒவ்வொரு போல்ட்டும் எந்த இடத்திலிருந்து வந்தது என்று சீட்டு எழுதிப் பையில் போட்டு, கழற்றுமுன் போட்டோவும் எடுத்து வைக்கிறவர்கள் கரையேறுகிறார்கள். மற்றவர்களுடைய வண்டிகள் நாலைந்து பெட்டிச் சாமான்களாகவும் ஓர் எலும்புக்கூடாகவும் இன்னொருவருக்கு விற்கப்படுகின்றன. காருக்கு அடியில் படுக்கும்போது ஜாக்கை மட்டும் நம்பலாகாது. இரும்பு முட்டுக்களைக் கொடுத்தபின்தான் தலையை உள்ளே நீட்ட வேண்டும். பழைய பிரேக் லைனிங்கில் கல்நார் உண்டு. அந்தத் தூசியை ஊதித் தள்ளினால் அது போய்ச் சேருமிடம் சுவாசப்பைதான். ஈரத் துணியால் துடைத்தெடுப்பதே முறை.

அடுத்தது துரு. பனிக்காலத்தில் சாலைகளில் உப்பைத் தூவும் பிரதேசங்களில் ஓடிய வண்டியானால் காலடித் தகடு, பின்பக்கத்துச் சாமான் அறையின் தரை, பின் சக்கரங்களுக்குப் பின்னாலுள்ள மூலைகள், பின் கண்ணாடியின் கீழ் விளிம்பு இவ்விடங்களெல்லாம் சல்லடையாகியிருக்கும். முந்திய சொந்தக்காரர் அதைப் பட்டி பார்த்து வர்ணம் அடித்து மறைத்திருப்பார். துணி சுற்றிய காந்தம் ஒன்று இருந்தால் போதும்; அது ஒட்டாத இடத்தில் இரும்பு இல்லை, பட்டிதான் இருக்கிறது. கெட்ட தகட்டை வெட்டியெடுத்துப் புதுத் தகட்டை வெல்டிங் செய்வதில் அவசரம் கூடாது. தொடர்ச்சியாக ஊதினால் சூட்டில் தகடு அப்பளம் போல் நெளிந்துவிடும். இங்கே ஒரு பொட்டு, ஓர் அடி தள்ளி ஒரு பொட்டு, ஆறவிட்டு மறுபடி ஒரு பொட்டு என்றுதான் போக வேண்டும். துருவை எடுக்க மணலைப் பீச்சி அடிப்பதிலும் இதே அபாயம் உண்டு. அகன்ற மெல்லிய தகடு அந்தச் சூட்டையும் அடியையும் தாங்காமல் உருக்குலையும். மணலைப் பீச்சிக் கோவில் கல்வெட்டுக்களைத் தேய்த்த கதை நமக்குத் தெரிந்ததே. இரும்பும் அந்த விஷயத்தில் கல்லைவிட உசத்தியில்லை.

புதுத் தகடுகள் எங்கிருந்து வருகின்றன? பழைய அச்சைப் பார்த்துப் புதிதாகச் செய்து விற்பது இப்போது ஒரு தனி வியாபாரமாகிவிட்டது. அமெரிக்க வீரத்துக்கே சின்னமென்று கொண்டாடப்படும் வண்டியின் தகடுகள் பல தைவானிலிருந்து கப்பலேறி வருகின்றன. சுதேசியம் பேசுகிறவர்களுக்கு எங்கும் இந்தச் சங்கடம் இருக்கிறது போலும்!

இத்தனை தகடும் மாறி, வர்ணமும் மாறியபின், இது அதே வண்டிதானா? இந்தக் கேள்வி வேதாந்தம் மட்டுமல்ல, ரொக்கத்தைப் பற்றியதுங்கூட. ஜி.டி.ஓ. ஆரம்பத்தில் உபரிச் சாமானாக இருந்ததென்று சொன்னோமல்லவா? அதன் பலன் இப்போது தெரிகிறது. 1964, 1965ஆம் வருஷத்து வண்டிகளின் நம்பர் தகட்டைப் பார்த்து, இது சாதாரண லெமான்ஸா, ஜி.டி.ஓ.வா என்று சொல்ல முடியாது. 1966இல்தான் அதற்குத் தனி எண் வரிசை ஏற்பட்டது. ஆகையால் சாதாரண லெமான்ஸுக்குப் பெரிய என்ஜினையும் மூன்று எழுத்துக்களையும் பொருத்தி, அசல் என்று விற்பது சுலபமாயிருக்கிறது. இதற்கு மாற்றாக, கம்பெனியின் பழைய விற்பனைச் சீட்டுக்களின் நகலைக் கட்டணத்துக்குக் கொடுக்கும் 'போன்டியாக் ஹிஸ்டாரிக் ஸர்வீஸஸ்' என்ற நிலையம் இருக்கிறது. வண்டி தொழிற்சாலையை விட்டபோது என்னென்ன சாமான்களுடன் வந்ததென்று அதில் தெரியும். வாங்குவதற்கு முன் அந்தக் காகிதத்தைக் கேட்க வேண்டும். வாங்கியபின் கேட்டால் துக்கந்தான் மிஞ்சும். லெமான்ஸை ஜி.டி.ஓ. போல் ஜோடிப்பதை நாம் குறை கூறவில்லை. வேஷம் போட்டவன் வேஷம் என்று சொல்லிக்கொண்டால் யாருக்கும் நஷ்டமில்லை.

அசலை அப்படியே காப்பாற்றுவதா, காலத்துக்கேற்ப மாற்றுவதா என்பதில் இந்தக் கார் அன்பர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்திருக்கிறார்கள். ஒரு கட்சியார் தொழிற்சாலையில் போல்ட்டின்மேல் இட்ட வர்ணக் குறியைக்கூட அதே இடத்தில் இடுவார்கள். மற்றக் கட்சியார் பழைய கூட்டுக்குள் புதுக் காலத்து என்ஜின், ஐந்து கியர் பெட்டி, குளிர்சாதனம் எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு நெடும்பிரயாணம் போவார்கள்.

நம் அபிப்பிராயத்தில் பிரேக் விஷயத்தில் மட்டும் கட்சி வேண்டியதில்லை. 1964ஆம் வருஷத்து வண்டியில் நான்கு சக்கரங்களுக்கும் டிரம் பிரேக். நான்குக்கும் சேர்த்து ஒரே மாஸ்டர் சிலிண்டர், அதில் ஒரே அறை. எங்காவது ஒரு ரப்பர்க் குழாய் வெடித்தால் நான்கு சக்கரங்களும் ஒருங்கே கைவிட்டுவிடும். முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று என்று இரண்டு அறை வைக்கும் ஏற்பாடு 1967ஆம் வருஷத்து ஜி.டி.ஓ.விலேயே வந்துவிட்டது, விரும்பினவர்களுக்கு முன் சக்கர டிஸ்க் பிரேக்கும் அவ்வருஷம் கிடைத்தது. இவற்றைப் பழைய வண்டிக்குப் பொருத்த ஒரு தகட்டையும் வெட்ட வேண்டியதில்லை. பழைய சாமானைத் துடைத்துப் பரண்மேல் வைத்துவிட்டால், நாளைக்கு வேண்டுகிறவன் திரும்ப மாட்டிக்கொள்வான். பாயிண்ட்டுக்குப் பதில் எலெக்ட்ரானிக் இக்னிஷன், பழைய மாதிரி டயருக்குப் பதில் ரேடியல் டயர் இவையும் அப்படியே. ஆனால் ஸ்டீயரிங் தண்டு விஷயத்தில் மயக்கம் வேண்டாம். மோதலில் மடிந்து கொடுக்கும் தண்டு ஜெனரல் மோட்டார்ஸ் கார்களில் 1967இல்தான் வந்தது. அதற்கு முந்தியது விறைத்த இரும்பு. ஓட்டுகிறவரின் மார்புக்கு நேரே நிற்பது. எவ்வளவு மெருகு கொடுத்தாலும் வண்டியின் வயது 1964தான் என்பதை ஓட்டுகிறவர் நினைவில் வைத்திருப்பது நலம்.

புது என்ஜினுக்கு இடம் பண்ண முன் சுவரை அறுப்பதும், அகலமான டயருக்காகப் பின் சக்கரக் குழியை வெட்டுவதும் வேறு ரகம். வெட்டினதை ஒட்டவைக்கலாம், வெட்டாததாக்க முடியாது. சாதாரண லெமான்ஸ் கூடு கிடைக்கும்போது, காகிதத்தோடு வந்த அசல் ஜி.டி.ஓ.வை அறுப்பானேன்?

என்ஜினைப் பிரித்தவுடன் இன்னொரு சிக்கல் எழும். அந்தக் காலத்துப் பெட்ரோலில் ஈயம் கலந்திருந்தது. அது பெட்ரோல் தட்டுவதைத் தடுத்ததோடு வால்வு உட்காரும் இடம் தேயாமலும் காத்தது. 1996 ஜனவரி முதல் தேதியிலிருந்து அமெரிக்கச் சாலை வண்டிகளுக்கு ஈயப் பெட்ரோல் அடியோடு தடுக்கப்பட்டது. குழந்தைகளின் மூளைக்கு ஈயம் செய்யும் கேட்டை நினைத்தால் அதைக் குறித்து யாரும் அழ வேண்டியதில்லை. கடினமான உருக்கு வளையங்களை வால்வு உட்காரும் இடத்தில் பதித்துவிட்டால் தேய்மானம் நிற்கும். 1964ஆம் வருஷத்து என்ஜினின் அழுத்தம் 10.75க்கு 1 என்ற அளவில் இருந்தது. இன்றைய பெட்ரோலில் அது தட்டும். ஆகவே ரீபோர் செய்யும்போதே தலை குழிந்த பிஸ்டன்களைப் போட்டு அழுத்தத்தைக் குறைத்துக்கொள்கிறார்கள். காகிதத்தில் சில குதிரைகள் குறையும். வீட்டில் செய்ய முடியாத வேலை இது ஒன்றே. லேத்துப் பட்டறைக்குக் கொடுத்துத்தான் ஆக வேண்டும். மற்றதையெல்லாம் அளவு பார்த்து வீட்டிலேயே பூட்டலாம்.

பூட்டி முடித்து முதன்முதலில் என்ஜினைக் கிளப்பும் நாளன்றுதான் பலர் தவறு செய்கிறார்கள். ஆசையினால், மெதுவாக ஓடவிட்டு அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நிற்கிறார்கள். புதிய காம்தண்டும் அதன்மேல் உராயும் தட்டையான டாப்பெட்டுகளும் ஒன்றுக்கொன்று பழகுவதற்குள் மெதுவாக ஓடினால், எண்ணெய் போதிய அளவு தெறிக்காமல், சில நிமிஷங்களிலேயே தேய்ந்து போகும். இன்றைய எண்ணெய்களில் துத்தநாகச் சத்தும் முன்னைவிடக் குறைவு. அதற்கென்றுள்ள எண்ணெயைத் தேடி ஊற்ற வேண்டும். பிறகு கிளப்பின உடனே நிமிஷத்துக்கு 2,000 சுற்றுக்கு ஏற்றி, இருபது நிமிஷம் இறக்காமல் ஓடவிட வேண்டும். கொட்டகைக் கதவு விரியத் திறந்திருக்கட்டும். ஒருவர் சூடு காட்டும் முள்ளையும் எண்ணெய் அழுத்த முள்ளையும் பார்க்கட்டும். இன்னொருவர் தீயணைக்கும் குப்பியைக் கையில் வைத்துக்கொண்டு பெட்ரோல் குழாயைக் கவனிக்கட்டும். அண்டை வீட்டாருக்கு முன்னாலேயே சொல்லி வைப்பதும் மரியாதை.