பல்லைப் பார்த்துத்தானே ஆடு வாங்குகிறோம்?

எங்கள் வேப்பூரில் வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தை. பல்லைப் பிடித்துப் பார்க்காமல் யாரும் ஆடு வாங்குவதில்லை. பிள்ளை இறக்கும் வீடியோ கேமை மட்டும் ஏன் பார்க்காமல் விடுகிறோம்?

"பையனுக்குக் கண்ணு எரியுதுங்கய்யா, ராத்திரி தூக்கமே இல்ல" என்று ஒரு தாய் வந்தார். "எந்த கேம், எங்கே கிடைச்சுது தம்பி?" என்றேன். "டாரன்ட்ல" என்றான்.

2001-ல் வந்த முறை இது. ஃபைலைத் துண்டு துண்டாக, முகம் தெரியாத பலருடைய கம்ப்யூட்டர்களிலிருந்து சேர்த்துத் தரும். நம்முடையதும் பிறருக்குக் கொடுக்கும். முறையில் தப்பில்லை. விலைக்கு விற்கும் கேமை ஓசியில் எடுத்தால் அது காப்புரிமை மீறல்; கூடவே வைரஸும் வரலாம். லேபிள் இல்லாத சூரணத்தைச் சாப்பிடுவீர்களா?

கேமைத் தேர்ந்தெடுக்குமுன் பாருங்கள்:

* வயது எண்: 3, 7, 12, 16, 18.
* பணம் கேட்கிறதா?
* முன்பின் தெரியாதவரோடு பேச விடுகிறதா?
* பாதியில் நிறுத்தி, நாளை தொடரலாமா?

நீங்களும் பத்து நிமிஷம் ஆடிப் பாருங்கள். 20 நிமிஷத்துக்கொரு முறை, 20 அடி தூரத்தை 20 விநாடி பார்க்கச் சொல்லுங்கள். கண் விழித்தால் பித்தம் கூடும். இரவு ஒன்பதுக்கு மேல் கேம் வேண்டாம்.

படிப்பும் சாப்பாடும் கெட்டும் விட முடியவில்லையா? உலக சுகாதார நிறுவனம் 2019-ல் ஏற்ற நோய்ப் பட்டியலில் இதுவும் உண்டு. திட்டாதீர்கள்; மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.