திம்புக்து: மண்ணும் ஏடும்

சகாராப் பாலைவனத்தின் தென்விளிம்பில், இன்றைய மாலி நாட்டில் அமைந்துள்ளது திம்புக்து. ஐரோப்பியர் நெடுங்காலம் அதனைப் பொன் கொழிக்கும் நகரமென எண்ணி மயங்கியிருந்தனர். 1828ஆம் ஆண்டில் மாறுவேடம் பூண்டு அங்கே சென்ற ரெனே காய்யே என்னும் பிரெஞ்சுக்காரர் கண்டவை மண் வீடுகளே. அவர் ஏமாற்றமடைந்தார். ஆயினும் அந்நகரின் செல்வம் அம்மண் சுவர்களுக்குள்ளேதான் இருந்தது.

துவாரெக் நாடோடிகள் 1100ஆம் ஆண்டளவில் பருவந்தோறும் தங்கிய பாசறையே பின்னர் நகராயிற்று. நைஜர் ஆறு பாலையை நோக்கி வளைந்து செல்லும் இடம் அதற்கு அண்மையிலுள்ளது. ஆகவே ஒட்டகத்தில் வந்த பொருள் ஓடத்திற்கு மாறும் துறையாக அது விளங்கியது. வடக்கேயுள்ள தகாசாச் சுரங்கங்களிலிருந்து உப்புப் பாளங்கள் வந்தன. தெற்கிலிருந்து பொன்னும் தானியமும் வந்தன. அடிமைகளாக்கப்பட்ட மனிதரும் அச்சந்தையில் விற்கப்பட்டனர் என்பதை மறைத்தல் தகாது.

அதே ஒட்டகங்கள் நூல்களையும் காகிதத்தையும் சுமந்து வந்தன. பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்நகரைக் கண்ட லியோ ஆபிரிக்கானுஸ், ஏனைய சரக்குகளைவிடக் கையெழுத்து நூல்களே மிகுந்த இலாபம் ஈட்டின என எழுதினார். நூலுக்கு இத்தகைய விலை கிடைக்கும் சந்தை எந்நாளும் அரிதன்றோ! சங்கோரேப் பள்ளிவாசலைச் சூழ்ந்து கல்வி வளர்ந்தது. மாணவர் ஆசிரியரின் இல்லத்தை நாடிச் சென்று, ஒரு நூலை முற்றக் கற்றபின், அதனைப் பிறர்க்குக் கற்பிக்கும் அனுமதியை அவரிடமே பெற்றனர். 1591இல் மொரோக்கோப் படை நாட்டைக் கைப்பற்றியது. ஈராண்டுகளில் அறிஞர் பலர் சிறைப்பட்டனர். அவர்களுள் ஒருவரான அஹ்மத் பாபா, தம்மிடமிருந்து பறிபோன நூல்கள் 1,600 என்றும், தம் குடும்பத்தாரின் நூற்சேர்க்கைகளில் அதுவே சிறியது என்றும் முறையிட்டார்.

மாலிப் பேரரசர் மன்சா மூசா 1324ஆம் ஆண்டு ஹஜ் யாத்திரை சென்று மீண்டபின் எழுப்பியது ஜிங்கரேபெர் பள்ளிவாசல். வெயிலில் உலர்த்திய மண் கற்களால் ஆன அதன் சுவர்களிலும் கோபுரத்திலும் மரக்கட்டைகள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அவை வெறும் அலங்காரமல்ல. மழை குறைவாயினும் அது மண்பூச்சைக் கரைத்துவிடும். மீண்டும் பூசுவோர் காலூன்றி ஏறுவதற்கு அக்கட்டைகளே சாரம். பூச்சு வேலையில் கொத்தர்கள் தலைமை தாங்க, ஊரார் மண் குழைத்துச் சுமப்பர். ஒரு தலைமுறை கைவிடினும் கட்டடம் மண்மேடாகிவிடும்.

2012இல் ஆயுதக் குழுவினர் நகரைக் கைப்பற்றி, பெரியார் பலரின் கல்லறை மாடங்களைத் தகர்த்தனர். நூல்களைக் காத்துவந்தோர் பல்லாயிரம் ஏடுகளைப் பெட்டிகளில் அடைத்து, ஊர்திகளிலும் ஓடங்களிலும் மறைவாகத் தலைநகர் பமாக்கோவுக்கு அனுப்பினர். எஞ்சியவற்றுள் சுமார் 4,000 ஏடுகள் 2013 சனவரியில் எரிந்தோ களவாடப்பட்டோ போயின. 2015ஆம் ஆண்டில், உள்ளூர்க் கொத்தர்கள் பழைய முறைப்படியே மண் குழைத்து அக்கல்லறை மாடங்களை மீண்டும் எழுப்பி முடித்தனர்.